மணல் ரொட்டியும் மலை நிழலும்

செஞ்சி கடைத்தெருவில் மல்லாட்டை மண்டிக்குள் நுழைந்து ஜினதாஸ் நைனார் எங்கே என்று கேட்டால் தராசைக் கைகாட்டுவார்கள். ஆள் தராசுக்குப் பின்னால் நிற்பார். நெட்டை, ஒல்லி, பேச்சு கம்மி. முள்ளைப் பார்த்து அவர் சொன்ன எடையை வியாபாரியும் மறுக்க மாட்டான், வேர்க்கடலை மூட்டை கொண்டுவந்த குடியானவனும் மறுக்க மாட்டான். இருபது வருஷமாக அப்படி. அந்த மனிதருக்குச் சமையல் வரும் என்பது முதலில் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி செத்த பிறகுதான் தெரிந்தது, அவருக்கே.

பத்மினி விஷக்காய்ச்சலில் போனது அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில். மகள் மருதேவிக்கு அப்போது பத்து வயது, மகன் ஜெயபாலுக்கு ஆறு. காரியம் முடிந்த அன்றே பத்மினியின் அண்ணன், வீடூர்க்காரர் தர்மதாஸ், பிள்ளைகளை வீடூருக்குக் கூட்டிப்போகிறேன் என்று நின்றார். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு எரியாது, வாயில் ஒரு பருக்கை போகாது. இருட்டில் சோற்றில் பூச்சி விழுந்தால் தெரியாது, தெரியாமல் தின்றாலும் அது உயிர்க்கொலைதான். ஒரு ஆம்பளை தனியாக இருந்துகொண்டு, மண்டிக்கும் போய்க்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அந்த விரதத்தைக் காப்பாற்றிக் கொடுக்க முடியுமா என்று தர்மதாஸ் நாலு பேர் முன்னால் கேட்டார்.

ஜினதாஸுக்குச் சுருக்கென்று இருந்தது. "ஒரு நாள் தவறினாலும் நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க மச்சான். நான் தடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன சொல்லை அவர் எடைக்கல் மாதிரி வைத்துக்கொண்டார். மண்டி முதலாளியிடம் பேசி, விடியற்காலையிலேயே வந்து மூன்று மணிக்குக் கிளம்பிவிட அனுமதி வாங்கினார். சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார். கையைச் சுட்டுக்கொண்டார். குழம்பு பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது, பதினோராம் நாள் குழம்பானது.

அவர் வீடு ஊருக்கு மேற்கே, கோட்டைப் பக்கம் போகிற வழியில் கடைசிக்கு இரண்டு வீடு முன்னால். ராஜகிரி மலை கொல்லைக்கு நேரே எழும்பி நிற்கும். மற்ற மாதங்களில் தொல்லை இல்லை. கார்த்திகை, மார்கழி, தையில் சூரியன் அவசரமாக மலைக்குப் பின்னால் போய்விடும். ஐந்து மணி அடிக்கக் கால் மணி இருக்கும்போதே மலையின் நிழல் கொல்லையில் இறங்கிக் கிணற்றடியைத் தொட்டுவிடும். நிழல் கிணற்றைத் தொட்டால் பொழுது சாய்ந்தது என்று ஜினதாஸ் ஒரு வரை வைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுத்த வரை இல்லை. சொல் தவறிவிடக் கூடாது என்கிற பயத்தில் அவராகப் போட்டது.

பள்ளிக்கூடம் விடுவது நாலேகாலுக்கு. பிள்ளைகள் ஓடிவந்து உட்கார்ந்து சாப்பிட அரை மணிகூட இருக்காது. அதற்குப் பிறகு மறுநாள் சூரியன் ஏறும்வரை ஒன்றும் கிடையாது. குளிர்காலத்தில் அது எவ்வளவு நீளமான நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பாறையெல்லாம் குளிர்ந்து, மலையிலிருந்து ஊதல் காற்று இறங்கும். பசித்த வயிற்றுக்கு அந்த ஊதல் இரண்டு மடங்காகக் குத்தும். அதனால் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைக் கனமாகவும் சூடாகவும் போட வேண்டும் என்று அவர் மூளையைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

மணல் ரொட்டி வந்தது அப்படித்தான்.

அறுபத்தைந்து பாதியில் அரிசி கிடைக்கவில்லை. ரேஷனில் கோதுமையைப் போட்டார்கள். ஊரில் பாதிப் பேர் அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஜினதாஸ் ஒருமுறை மல்லாட்டை லோடோடு புதுச்சேரிக்குப் போனபோது ரொட்டி அடுப்பைப் பார்த்தவர். மாவு எப்படிப் பொங்குகிறது என்று அங்கே கேட்டதற்குக் கள்ளு ஊற்றுகிறோம் என்றார்கள். அது ஆகாது. வீட்டில் தயிரையும் சோடா உப்பையும் வைத்துத் தானாக முயன்று பார்த்தார். ஆற்று மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்துப் பெரிய இரும்புச் சட்டியில் பாதிக்குக் கொட்டி, அடியில் மல்லாட்டைத் தோலை எரித்து மணலைக் காயவிடுவார். எண்ணெய் தடவிய தட்டில் மாவை வைத்து மணல்மேல் இறக்கி, மேலே ஒரு தகர மூடி போட்டு, மூடிமேல் தணலை அள்ளி வைப்பார். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. முக்கால் மணியில் ரொட்டி பழுத்துவரும்.

சனி, ஞாயிறுகளில் அது மூன்று பேர் வேலை. கோதுமையில் வண்டு நிறைய இருக்கும். ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஜெயபால் முறத்தின் முன்னால் குந்திக்கொண்டு வண்டு வண்டாகப் பொறுக்கி, ஒரு ஓட்டாஞ்சில்லில் போட்டு, வேப்ப மரத்தடியில் கொண்டுபோய் விடுவான். "நாப்பத்தி ரெண்டு நைனா, ஒண்ணு பறந்துட்டுது" என்று கணக்கு ஒப்பிப்பான். மருதேவி வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, மாவில் ஊற்றி, முழங்கை வரை அப்பிக்கொண்டு பிசைவாள். வறுத்த மல்லாட்டையை ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்ப்பதும் அவள்தான். ரொட்டி வேகிறபோது மூவரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். யார் முதலில் வாசனை பிடிப்பது என்று போட்டி. பெண்டாட்டி போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தச் சட்டியைச் சுற்றித்தான். மற்ற நாட்களில் ஜினதாஸ் விடியுமுன்னே மாவைப் பிசைந்து வைத்துவிட்டு மண்டிக்குப் போவார், மூன்று மணிக்கு வந்ததும் மணலைக் காயவைப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது தெருமுனை வரை வாசனை அடிக்கும், ரொட்டி வெந்து இறங்கவும் அவர்கள் வரவும் சரியாக இருக்கும்.

இந்த ரொட்டியை ஊரெல்லாம் பேசவைத்தவர் ஆதிநாராயணன். கடைத்தெருவில் மளிகைக் கடை, கடைக்கு மேலேயே மாடிவீடு. ஜினதாஸுக்குச் சின்ன வயதுச் சேக்காளி. அநேகமாகத் தினமும் சாயங்காலம் வந்து ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, புதுச்சேரிக்காரன் உங்கிட்ட பிச்சை வாங்கணும்டா என்பார். அவர் வீட்டில் கரண்ட் இருந்தது. ஜினதாஸ் வீட்டில் அரிக்கேன் விளக்குத்தான். பரீட்சை வருகிறது, பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்து லைட்டு வெளிச்சத்தில் படிக்கட்டுமே என்று ஆதிநாராயணன்தான் சொன்னார். பெரிய உபகாரம் என்று ஜினதாஸ் அதை மனதில் வைத்துக்கொண்டார். கார்த்திகையிலிருந்து பிள்ளைகள் போய்வந்தார்கள்.

மார்கழி பாதியில் ரொட்டி மிச்சமாக ஆரம்பித்தது.

முதலில் ஜெயபால் அரைத் துண்டை வைத்தான். பிறகு மருதேவி வயிறு மந்தமாக இருக்கிறது என்றாள். ஜினதாஸ் தன் கைமேல் சந்தேகப்பட்டார். வெல்லத்தைக் கூட்டினார். நெய்யை மாவிலேயே விட்டுப் பிசைந்தார். ஏலக்காய் தட்டிப் போட்டார். ஒருநாள் வேலையைப் பாதியில் விட்டு வந்து மணலைப் புதிதாக மாற்றினார். பிள்ளைகள் நல்லாயிருக்கு நைனா என்பார்கள், ஓரத்தைக் கிள்ளித் தின்பார்கள், நிழல் வருகிறதா என்று அவருக்கு முன்னால் அவர்களே எட்டிப் பார்ப்பார்கள். ராத்திரியெல்லாம் இந்தக் குழந்தைகள் வயிறு காய்கிறதே என்று அவர் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். ஆதிநாராயணனிடம் வாய்விட்டுக் கேட்டார். ருசியில் குறை இருந்தால் சொல்லிவிடு என்றார். ஆதிநாராயணன் ஒரு துண்டை மென்றுகொண்டே, ருசிக்கு என்ன குறை, குளிருக்குப் பிள்ளைகளுக்கு மந்தம் பிடிக்கும், மாசம் போனால் சரியாகிவிடும் என்று தேற்றினார்.

அதே வாரம் தர்மதாஸிடமிருந்து கார்டு வந்தது. பொங்கல் கழித்து வருகிறேன், பிள்ளைகளைப் பார்த்து, விசாரித்து, ஒரு முடிவு செய்துகொண்டு போகிறேன் என்று நாலே வரி.

மறுநாள் ராத்திரி ஏழு மணி சுமாருக்குப் பனி கொட்டியது. பிள்ளைகள் போர்வை எடுத்துப் போகவில்லை. ஜினதாஸ் பழுப்புப் போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். ஆதிநாராயணன் வீட்டு மாடிப்படி வெளியிலிருந்தே ஏறும். மேல்படியில் கால் வைத்தபோதே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. வெங்காயமும் அவர்கள் வீட்டுக்கு ஆகாததுதான். தன் பிள்ளைகள் இந்த வாசனையில் உட்கார்ந்து படிக்கிறார்களே, பாவம் என்றுதான் முதலில் நினைத்தார்.

ஜன்னல் திறந்திருந்தது. லைட்டுக்கு அடியில் மூன்று தட்டு. ஆதிநாராயணன் ஒரு தட்டின் முன்னால். மற்ற இரண்டின் முன்னால் ஜினதாஸின் பிள்ளைகள். ஆதிநாராயணனின் மனைவி கண்ணம்மாள் கல்லிலிருந்து வெங்காய அடையை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெயபால் இரண்டு கையாலும் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். புத்தகப் பை மூலையில் கட்டு அவிழாமல் கிடந்தது.

ஜினதாஸ் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் ஆதிநாராயணன் பேசினார்.

"இன்னிக்கி உங்க நைனா குடுத்த ரொட்டி இருக்குதே, கடவாப்பல்லு ஆடிப்போச்சு. கோட்டை மதில்ல கல்லு பேந்தா அத்தை வெச்சிப் பூசலாம்."

பையன் விக்கல் வரச் சிரித்தான். கண்ணம்மாள், புள்ளைங்க முன்னாடி பேசற பேச்சா என்று அடக்கினாள், ஆனால் அவளும் சிரித்தாள். மருதேவி எழுந்தாள். வேட்டி மாதிரிப் பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கழுத்தை நீட்டி, புருவத்தைத் தூக்கி, கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கிற மாதிரி மூன்று எட்டு வைத்தாள். ஜினதாஸின் நடை, அச்சு அசல்.

"வந்துட்டுது, வந்துட்டுது, நெழலு வந்துட்டுது. வாயக் கழுவுங்க, வாயக் கழுவுங்க" என்றாள், அவர் குரலிலேயே.

நாலு பேரும் சிரித்தார்கள். லைட்டு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லார் முகமும் நன்றாகத் தெரிந்தது.

ஜினதாஸ் கதவைத் தட்டவில்லை. போர்வையைப் படிக்கட்டுக் கம்பியில் தொங்கவிட்டார். இறங்கி வந்தார். வழியில் இரண்டு பேர் என்ன நைனாரே இந்த நேரத்தில் என்று கேட்டதற்குப் பதில் சொன்னாரோ இல்லையோ, அவருக்கே ஞாபகமில்லை.

அரை மணி கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் ஒடுங்கி வந்தார்கள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மருதேவி வெகுநேரம் பக்கத்தில் நின்றாள். பிறகு போர்வையை அவர்மேல் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். அதில் வெங்காய வாசனை இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆதிநாராயணன் வழக்கம்போல வந்தார். போர்வை விஷயம் தெரிந்தும் வந்தாரா, பேசிச் சமாளித்துவிடலாம் என்று வந்தாரா, தெரியாது. ஜினதாஸ் ரொட்டியை அறுத்து, எப்போதும் கொடுப்பதைவிடப் பெரிய துண்டாக இலையில் வைத்து நீட்டினார்.

"பாத்துக் கடி. பல்லு போயிடப் போவுது."

ஆதிநாராயணன் கை நீண்டது நீண்டபடி நின்றது. பிறகு மெதுவாக, பசிக்குதுன்னு கேட்டுதுங்கடா, கொழந்தைங்க, நான் இன்னா பண்ணட்டும் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று ஜினதாஸ் கேட்டதற்கு, கார்த்திகையிலேயே என்றார். முதலில் மாடியில் வெயில் இருக்கும்போதே தின்னதாம். கடைத்தெரு மலையை விட்டுத் தள்ளி இருக்கிறது, அங்கே நிழல் வர அரை மணி கூடுதலாக ஆகும், அதனால் விரதம் கெடாது என்று மருதேவியே கணக்குச் சொன்னாளாம். அப்புறம் வெயில் போய், லைட்டு வந்ததாம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் ஜினதாஸ். "தெனம் வந்து என் எதிர்ல குந்திக்கினு தின்னியேடா. கொழந்தைங்களுக்கு மந்தம்னியே."

ஆதிநாராயணன் இலையைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகளும் லைட்டுக்குப் போகவில்லை. போகாதே என்று ஜினதாஸ் சொல்லவில்லை. அவர்களாக அரிக்கேன் விளக்கை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஜெயபால் முறத்தை எடுக்க வந்தபோது கோதுமை ஏற்கனவே பொறுக்கியாகிவிட்டிருந்தது. மாவும் பிசைந்தாகிவிட்டது. அவரே எல்லாவற்றையும் செய்திருந்தார். பையன் வெறும் முறத்தைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனான். வண்டுகளை அவர் அங்கேதான் விட்டிருந்தார், பார்த்துக்கொண்டான்.

ஜினதாஸுக்கு இப்போது ஒரே கேள்விதான். தர்மதாஸ் வந்தால் என்ன சொல்வது? ஒரு நாள் தவறினாலும் என்று வாய் கொடுத்தவர் அவர். இங்கே இரண்டு மாதம் தவறியிருக்கிறது. சொன்னால் பிள்ளைகள் வீடூருக்குப் போய்விடும். தராசுக்காரன் பொய் சொல்ல முடியாது. மெய்யைச் சொல்லவும் முடியாது. அந்தப் பத்து நாளும் மண்டியில் இரண்டு முறை எடையைத் தவறாகக் கூவி, திரும்ப நிறுத்தார். அப்படி நடந்ததே இல்லை.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் மத்தியான பஸ்ஸில் தர்மதாஸ் வந்து இறங்கினார். கையில் ஒரு பை வெல்லம். மூன்று மணிக்கு ஜினதாஸ் மணலைக் காயவைத்து ரொட்டி போட்டார். பிள்ளைகள் வந்தார்கள். நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தர்மதாஸ் பல்லில்லாத பக்கத்தை விட்டு மற்ற பக்கமாக மென்று, பரவாயில்லையே மாப்ள என்றார். அவர் பாதிகூடத் தின்றிருக்க மாட்டார், ஜினதாஸ் எழுந்துபோய்க் கொல்லையை எட்டிப் பார்த்தார். கழுத்தை நீட்டியபோதே, மருதேவி தன்னைப் பார்க்கிறாள் என்று முதுகில் உறைத்தது. இருந்தாலும் வந்து, நிழல் வந்துவிட்டது என்றார்.

"இன்னா நெழலு?" என்றார் தர்மதாஸ்.

ஜினதாஸ் சொன்னார். தர்மதாஸ் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே தெருமுனைக்குப் போனார், ஜினதாஸ் பின்னாலேயே போனார். வடக்கே செஞ்சிக் கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியின் உச்சி மஞ்சள் வெயிலில் தகதகவென்று நின்றது.

"அதோ பாருங்க மாப்ள, அம்மாம் வெயிலு அடிக்குது. மலை மறைச்சா பொழுது போனதா ஆயிடுமா? வீடூர்ல நாங்க ஏரிக்கரையில சூரியன் எறங்கற வரைக்கும் சாப்புடுவோம். சாஸ்திரத்துல மலைக்கெல்லாம் கணக்கில்ல. ரெண்டு வருஷமா இப்படியா போட்டீங்க கொழந்தைங்களுக்கு?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வந்து உட்கார்ந்து மீதி ரொட்டியை நிதானமாகத் தின்றார். ஜினதாஸ் நின்றுகொண்டே இருந்தார். அவர் மற்றவர்களுக்கு எடை குறைக்காதவர். மூன்று குளிர்காலம் தன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் குறைத்து நிறுத்திருக்கிறார். ஜெயபால் தயங்கித் தயங்கி இன்னொரு துண்டை எடுத்தான்.

கை கழுவிய பிறகு தர்மதாஸ் பிள்ளைகளை முன்னால் நிறுத்தினார். பத்மினியின் படம் மாட்டியிருந்த சுவருக்கு நேரே. விளக்கு வைத்த பிறகு எப்போதாவது, எங்கேயாவது, வாயில் ஏதாவது போட்டதுண்டா, அம்மாவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

ஜினதாஸ் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். மருதேவி அவரைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. ஒரு நாளும் இல்ல."

குரலில் ஒரு பிசிறு இல்லை. கண் இமைக்கவில்லை. ஜெயபாலும் அக்காவைப் பார்த்துவிட்டு, இல்ல மாமா என்றான். வண்டுக் கணக்கு ஒப்பிக்கிற அதே குரல்.

தர்மதாஸ் திரும்பி, இன்னா மாப்ள என்றார்.

ஒரு மூச்சு விடும் நேரம். சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அடுத்த பஸ்ஸில் இந்த வீடு காலி.

"புள்ளைங்க சொல்லிட்டாங்க இல்ல, மச்சான்" என்றார் ஜினதாஸ்.

மறுநாள் காலையில் தர்மதாஸ் திருப்தியாகப் பஸ் ஏறினார். ஆம்பளையாக இருந்தும் காப்பாற்றிவிட்டீர்கள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் கையசைத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது ஜெயபால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டான். அவர் உதறவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. அவருக்காகத்தான் சொன்னார்கள் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் செத்துப்போன தாயின் முகத்தைப் பார்த்து அவ்வளவு சுலபமாகச் சொல்ல வருகிறதே, இது எத்தனை நாள் பழக்கம், இதற்கு முன்னால் என்னிடம் எத்தனை சொல்லியிருக்கும் என்று யோசித்தபடி நடந்தார். நல்லாயிருக்கு நைனா என்று சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றையும் தராசில் வைக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவர் மாவை எடுத்து மருதேவி முன்னால் வைத்தார். பிசை என்று சொல்லவில்லை. அவள் உட்கார்ந்து பிசைந்தாள். ரொட்டி வெந்து இறங்குவதற்குள் கிணற்றடியில் நிழல் வந்தது, அதைத் தாண்டி வேப்ப மரத்துக்கும் போனது. அவர் ரொட்டியை அறுத்துப் போட்டார், வாயைக் கழுவச் சொல்லவில்லை.

"தெருமொனைக்குப் போயி கிருஷ்ணகிரி உச்சியப் பாத்துட்டு வா" என்றார் மகளிடம். "வெயிலு போனா வந்து சொல்லு. இனிமே நீ சொல்றதுதான்."

அவள் எச்சில் கையோடு ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இன்னும் இருக்குது நைனா. நெறைய இருக்குது."

ஜினதாஸ் தலையாட்டினார். ஜெயபாலுக்கு இன்னொரு துண்டு அறுத்து வைத்தார். கத்தியைத் துடைத்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனைக்கு நடந்தார். உச்சியில் வெயில் இருந்தது. அவள் சொன்னபடியே, நிறைய இருந்தது. திரும்பியபோது மருதேவி வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளும் அவள் பார்த்துவந்து சொன்னாள். மறுநாளும் அவர் எழுந்து போனார். தை முடியும்வரை அவள் சொன்னதில் ஒரு நாள்கூடத் தப்பில்லை. அவரும் ஒரு நாள்கூடப் போகாமல் இருக்கவில்லை.